அவனா, அவளா

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த பிறகு வெய்மிங்கின் பேச்சில் புதிதாக ஒருவர் நுழைந்துவிட்டார்.

"தா எனக்குக் காப்பி வாங்கித் தந்தாங்க. தா பேசினா சிரிச்சு மாளாது."

சீன மொழியில் அவனும் அவளும் காதுக்கு ஒரே 'தா'தான். ஆணா பெண்ணா என்று கேட்க அவன் மனைவி ஷூலானை ரோஷம் விடவில்லை. அந்த ஓரெழுத்து மீன்முள்போல அவள் தொண்டையில் நின்றது. ஆங்கிலத்தில் ஆணுக்கு ஹீ, பெண்ணுக்கு ஷீ என்று தெரிந்த அன்றே வகுப்பில் சேர்ந்தாள். மற்ற பாடமெல்லாம் யாருக்கு வேண்டும்?

மூன்று மாதம் கழித்து, சாப்பிடும்போது சொன்னாள்: "இனிமே வீட்லயும் இங்கிலீஷ்தான். உன் ஆபீஸுக்கும் உதவும். சொல்லு, அந்த காப்பி ஆள் எப்படி?"

வெய்மிங் யோசித்து, தடுமாறி, ஆங்கிலத்தில் சொன்னான்: "ஹீ இஸ் வெரி கைண்ட்."

ஹீ! ஷூலான் இருந்ததிலேயே பெரிய மீன் துண்டை எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தாள்.

அப்போது அவனுக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தபடியே பேசினான்: "மை வொய்ஃப்? ஹீ இஸ் வெரி ஹேப்பி டுடே."

ஷூலான் அந்த மீன் துண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.