கண் திறந்த குற்றம்

"கொஞ்சம் மேல பாருங்க, டீச்சர்" என்றாள் ஒப்பனைக்காரி.

டீச்சர் மேலே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருமை ஏறியது. உதட்டில் மாவு பூசி வறட்சி காட்டியாயிற்று. குற்றவாளி களையாக இருந்தால் கூட்டத்துக்குப் பக்தி வருவதில்லை என்பது புனிதத் துறையின் அனுபவம்.

அந்த அறைக்கு வெளியேதான் மேடை. மைதானத்தில் மடக்கு நாற்காலியும் குடையும் குழந்தை குட்டியுமாக ஊரே திரண்டிருந்தது. முன்வரிசைக்கு அடிதடி. அவ்வளவு இறைநம்பிக்கை.

டீச்சர் செய்த பாவம் இதுதான்: கூட்டுப் பிரார்த்தனையில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, இவள் திறந்து வைத்திருந்தாள். அதற்கு ஒரு மாதம் முச்சந்தியில் நிற்க வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லாம் காறித் துப்பலாம். துப்பாமல் போகிறவர் பெயர் குறிக்கப்படும்.

ஒப்பனைக்காரி கண்ணீர் மருந்தை எடுத்தாள். சொட்டு தவறிக் கன்னத்தில் விழுந்தது.

"பரவால்லம்மா, மெதுவா ஊத்து" என்றாள் டீச்சர். "பொண்ணு இப்பல்லாம் கூட்டெழுத்து நல்லா எழுதறாளா?"

"ம்" என்றாள் அவள். பஞ்சை எடுத்துக் கன்னத்தைத் துடைத்தாள்.

மேடையில் டீச்சரின் முகம் பெரிய திரையில் விழுந்ததும் கூட்டம் ஊளையிட்டது. அதிகாரி, சாந்தமே உருவான மனிதர், சால்வையைச் சரிசெய்துகொண்டு ஒலிவாங்கிக்கு வந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் ஒப்பனைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கண்ணத் தொறந்தப்போ, உன்ன மாதிரி வேற யாராவது தொறந்திருந்தாங்களா? ஒரு பேரச் சொல்லு, தாயி. இப்பவே வீட்டுக்குப் போயிடலாம்."

டீச்சர் கூட்டத்தைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"யாருமில்லங்க. எல்லாரும் பக்தியாத்தான் இருந்தாங்க."

தண்டனை இரண்டு மாதமானது. கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. வந்த கால்கள் வீண்போகவில்லை.

ஒப்பனைக்காரி பெட்டியை மூடப் போனாள், மூடி பொருந்தவில்லை.

போன வாரம், குனிந்த தலைகளுக்கு நடுவே, இருவர் கண்களும் சந்தித்துக்கொண்டன. டீச்சர் சிரித்தாள். வகுப்பில் குறும்பு செய்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை நம்ப ஒப்பனைக்காரிக்குத் தைரியம் வரவில்லை. டீச்சர் முந்திக்கொள்வதற்குள் தான் முந்திக்கொண்டாள். பிரார்த்தனை முடிந்த கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாமல், துறை அலுவலகத்துக்கு ஓடினாள்.

நீ எப்படிப் பார்த்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. காட்டிக்கொடுப்பவரின் கண்ணைக் கடவுளே திறந்துவிடுகிறாராம். அதிகாரியே அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து இதைச் சொன்னார்.

மேடையில் டீச்சர் ஒப்பனைக்காரியின் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.