ஆறாம் எண் கட்டிலில் ஒரு துறவு

பழனி மலைத்தொடரின் ஆன்மிக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க அறிவிப்பு ஒன்று, கொடைக்கானலில் ஒரு மருத்துவமனையின் ஆறாம் எண் கட்டிலருகே, காலை எட்டே காலுக்கு வெளியிடப்பட்டது.

"என் தம்பி துறவு பூண்டுட்டான்."

அறிவித்தவர் அண்ணன் குருநாதன். பழனியில் மூன்று சங்கங்களுக்குத் தலைவர். தும்முவதைக்கூட முன்மொழிந்து வழிமொழிந்துதான் தும்முவார்.

தம்பி சிவமுருகன் ஆயக்குடியில் கொய்யா வியாபாரி. ஒன்பது நாளுக்கு முன் இங்கே சரக்கு இறக்க வந்த இடத்தில் பக்கவாதம். மூளையில் வலப்பக்கம் அடைப்பு. இடது கையும் காலும் அசையவில்லை. பேச்சு இருந்தது, குழறலாக.

அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட மனைவி சுந்தராம்பாளுக்குக் கிடைக்கவில்லை.

முதல் நாளே குருநாதன் அவளுக்கு இடம் ஒதுக்கியிருந்தார். தாலி ஏறியவளுக்குப் புருஷனின் இடப்பக்கம்தான் இடம். ஆஸ்பத்திரி என்பதற்காகச் சாஸ்திரத்தை மாற்ற முடியுமா? ஸ்டூலை அங்கே போடச் சொல்லி, தானும் அதன் பின்னால் நின்றுகொண்டார்.

சிவமுருகன் வலப்பக்கத்து ஜன்னலையே பார்த்துக் கிடந்தான். கூப்பிட்டால் திரும்பவில்லை. ஜன்னலோரமாக வந்து டிரிப் மாற்றும் நர்ஸுகளிடம் மட்டும் சட்னி கேட்டான்.

மூன்று சங்கத் தலைவரான தன்னையே கண்டுகொள்ளாத தம்பி துறவியாகத்தான் இருக்க வேண்டும் என்பது குருநாதனின் ஆய்வு முடிவு.

சுந்தராம்பாளுக்கு வேறு கணக்கு. "கெளம்புறன்னைக்கு நாலு வார்த்தை அதிகமா பேசிப்புட்டேன். அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. நான் கண்ணு முன்னால இருக்க வேணாம்."

பத்து மணி பஸ்ஸுக்குப் பையைக் கட்டிவிட்டாள்.

அன்றுதான் அந்த வார்டுக்கு மாறி வந்திருந்த நர்ஸ் புவனா, சாப்பிட்ட தட்டை எடுக்க வந்தவள், எடுக்காமல் நின்றாள்.

நாலு இட்லியில் வலப்பக்கத்து இரண்டும் காலி. இடப்பக்கத்து இரண்டும் தொடாமல் இருந்தன. சட்னிகூட, நடுவே கோடு கிழித்ததுபோல், பாதி.

தட்டை அரைச் சுற்று சுற்றி வைத்தாள்.

"அட, இன்னும் ரெண்டு வச்சீங்களா?" என்றான் சிவமுருகன். சாப்பிட ஆரம்பித்தான்.

பையோடு நின்ற சுந்தராம்பாள் தட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவுகளுக்குக் கோவமெல்லாம் இல்லக்கா," என்றாள் புவனா. "கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைக்குத்தான் இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியல. பைய வச்சுட்டு வெரசா இங்கிட்டு வாங்க."

பாதித் தட்டு, பாதி அறை, தன்னுடைய சொந்தக் கை, அதன் பக்கத்தில் ஒன்பது நாள் உட்கார்ந்து அழுதவள். அத்தனையும் அந்தப் பக்கத்தோடு போயிருந்தன. போனதே அவனுக்குத் தெரியாது.

புவனா டிரிப் ஸ்டாண்டை ஓரம் தள்ளி, ஸ்டூலைத் தூக்கி ஜன்னலோரம் போட்டாள். சாஸ்திரம் இடம் மாற அரை நிமிஷம் ஆயிற்று.

சுந்தராம்பாள் உட்கார்ந்தாள்.

சிவமுருகனின் கையிலிருந்த இட்லி தட்டில் விழுந்தது.

"எங்கடி போயிருந்த, இத்தனை நாளா?"

அவள் சட்னி ஒட்டியிருந்த அந்தக் கையை அப்படியே எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

பத்து மணி பஸ் அவள் இல்லாமல் போயிற்று.

குருநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தம்பியின் மறுபிறவி குறித்து உரையாற்றத் தொடங்கினார்.

அவர் இடப்பக்கம்தான் நின்றிருந்தார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.