ஒரேயொரு கோல்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தமிழ் விளையாட்டுக் கழகம் தன் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர் தேடியது. பதினாறு ஆண்டுகள் ஸ்பெயினில் தொழில்முறையாக உதைபந்தாடிய மரீசா நேர்முகத்துக்கு வந்திருந்தார். அழைத்தவள் கழகச் செயலாளர் நிலாணி. தலைவர் பாக்கியராசா விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் முணுமுணுத்தார்.

“பிள்ளை, நானூறு மட்ச்சில ஒரேயொரு கோல்தான். எங்கட லக்ஷிகா ஒரு சனிக்கிழமையிலேயே மூண்டு அடிப்பாள். உவ எதைப் பழக்கப் போறா?”

“நீங்களே கேளுங்கோ, அண்ணை,” என்றாள் நிலாணி.

அவர் ஆங்கிலத்தில் கேட்டார். மரீசா கொஞ்சமும் கூசவில்லை.

“அந்த ஒன்றை அடிப்பதும் என் வேலையில்லை. கடைசி நிமிடம், தோற்றுக்கொண்டிருந்தோம். மைதானம் முழுக்க ஓடிப்போய்த் தலையால் முட்டினேன். பந்து உள்ளே போனதும் என் அணியே ‘திரும்பி ஓடு’ என்று கத்தியது.”

“ஏன்?”

“எங்கள் கோல் வாசல் காலியாகக் கிடந்தது. நான் கோல்கீப்பர்.”

பாக்கியராசா விண்ணப்பத்தின் அடுத்த வரியை இப்போதுதான் வாசித்தார். அந்த நானூறில் நூற்றெழுபது ஆட்டங்களில் மரீசா ஒரு கோலும் விட்டதில்லை.

“போன வருஷம் நாங்கள் நாப்பத்தொரு கோல் வாங்கினனாங்கள்,” என்றார் மெதுவாக. “திங்களே வரச்சொல்லு, பிள்ளை.”