இடக்காலில் ஒட்டிய காகிதம்

கண்ணாடிப் பெட்டிக்குள் எலி நிற்கிறது. முன்னங்கால்கள் இரண்டிலும் மிளகளவு காகிதம் ஒட்டியிருந்தார்கள். வலக்காலில் இருந்ததை அது உடனே பல்லால் உரித்துத் துப்பிவிட்டது. இடக்காலில் இருப்பது அப்படியே இருக்கிறது. பக்கவாதம் வரவழைக்கப்பட்ட மூளைக்கு அந்தக் கால் வேறு யாருடையதோ. இது மருந்து கொடுத்த எலியா, வெறும் உப்புநீர் கொடுத்ததா என்று அறையிலிருக்கும் இருவருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. எந்த எலி மீதும் ஆசை வைக்கக் கூடாது. ஆராய்ச்சிக்காரி வைத்துவிட்டாள். குழல்விளக்கின் வெளிச்சம் எலியின் மீசையில் துடிக்கிறது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"முள்ளு மேலயா உட்கார்ந்திருக்கீங்க? காலை ஆட்டாதீங்கக்கா, மேசை அதிருது," என்கிறாள் நிறுத்துக்கடிகாரத்தைப் பிடித்திருக்கும் தோழி.

"நான் எங்கடி ஆட்டுறேன்?" உள்ளங்கையால் முழங்காலை அழுத்திக்கொள்கிறாள். எலி சட்டென்று இடக்காலைத் தூக்குகிறது, முகர்கிறது, காகிதத்தை உரித்தெறிகிறது.

"எடுத்திடுச்சுக்கா. எழுதிடவா?"

"இரு. அதுவா உணர்ந்துச்சா, இல்ல மேசை அதிர்ந்ததுல குனிஞ்சு பார்த்துச்சா? நான் அப்பவும் ஆட்டிட்டிருந்தேனா?"

"தெரியலக்கா. நான் எலியைத்தானே பார்த்துட்டிருந்தேன்."

"நானும்தான்."

எஃகுத் தட்டில் கிடக்கும் இடுக்கி கிணுகிணுக்கிறது. இருவரும் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அது நிற்பதாக இல்லை. அவள் மெல்லக் குனிந்து, மேசைக்கடியில் ஆடிக்கொண்டிருக்கும் முழங்காலை, வேறு யாருடையதோ போலப் பார்க்கிறாள்.