தோள் உயரத்துக்கு வெள்ளை

கிடங்குச் சுவரைத் தொட்ட விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டதும் ரிப்பன் பதறிச் சாலையைத் திரும்பிப் பார்த்தார். கம்பெனி மேடத்தின் கார் ஏற்கெனவே வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

ரிப்பன் என்பது நகராட்சியில் அவருக்கு வைத்த பெயர். தொழில் வளர்ச்சி அலுவலரான அவர், கடைசிவரை வராமலே போன கம்பெனிகளுக்கெல்லாம் திறப்பு விழா ரிப்பனை முன்கூட்டியே வாங்கி வைத்தவர். இந்தத் தடவை ராசி பார்த்து வாங்கவில்லை.

"என்னய்யா இது, பாதிச் சுவரோட நிறுத்திட்டே?" என்று பெயின்ட் மேஸ்திரியிடம் பல்லைக் கடித்தார்.

"வெள்ளக் கறையை மறைக்கச் சொன்னீங்க. கறை தோள் வரைக்கும்தான் இருந்துச்சு. அதுக்கு மேல சுவர் நல்லாத்தானே சார் இருக்கு?"

"இதுக்குப் பேசாம 'தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு'ன்னு ஒரு போர்டே வச்சிருக்கலாம்."

"முதல்லயே சொல்லியிருந்தா வச்சிருப்பேன் சார்."

ரிப்பன் மேற்கொண்டு திட்டுவதற்குள் போன் அடித்தது. மகன்.

"அப்பா, அந்த வெளியூர் வேலைக்கு இன்னைக்குப் பதில் சொல்லணும். உங்க மருமக பரண்ல இருந்து பெட்டியை இறக்கிட்டா. பாப்பா அதுக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறா."

"சாயங்காலம் வரைக்கும் பொறுடா. இங்கேயே வேலை வருது."

சொல்லிவிட்டாரே தவிர, குரலில் தெம்பில்லை. இந்த இடத்தைக் காலி செய்து, வேலி போட்டு, ஆறு வழக்குகளைச் சமாளித்து வைத்ததெல்லாம் ஊருக்காக என்று மேடையில் பேசுவார். உண்மையில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் பேத்திக்காகத்தான்.

மேடம் இறங்கினார். டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியின் இடத்தேர்வு அதிகாரி அவர். அவர் சரி என்றால் கம்பெனி வரும், உதட்டைப் பிதுக்கினால் வராது என்று பேச்சு.

மின்சாரம், சாலை, வரிச்சலுகை மூன்றையும் ரிப்பன் பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி மனப்பாடம் செய்திருந்தார். மேடம் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"எங்க ஊர் ஆத்துத் தண்ணி மேடம். குடிச்சுப் பாருங்க, இளநி மாதிரி இருக்கும்" என்று கண்ணாடி டம்ளரை நீட்டினார்.

மேடம் வாங்கினார். குடிக்கவில்லை. தரையில் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார்.

"பக்கத்து ஊர்லயும் இடம் காட்டினாங்க. எல்லாம் நல்ல மேடு" என்றார், கசப்பு மாத்திரையைக் கடித்தவர் மாதிரி.

குதிகால் செருப்போடு மேடு ஏறுவது சிரமம்தான் என்று ரிப்பன் அனுதாபமாகத் தலையாட்டினார்.

மேடம் நேராகச் சுவரிடம் போய் அதன் பக்கத்தில் நின்றார். வெள்ளை சரியாக அவர் தோளில் முடிந்தது. அதற்கு மேலே அழுக்குச் சிமென்ட். மேஸ்திரி ஆகாயத்தைப் பார்த்தார். அங்கே கருமேகம் வேறு திரண்டு நின்றது.

"சொல்லுங்க சார், எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை?"

பொய் சொல்லலாம் என்றால் ரிப்பனின் விரலிலேயே வெள்ளை காயாமல் இருந்தது.

"வருஷா வருஷம் மேடம்" என்றார். "ஆனா ஒரே நாள்தான். வந்த வேகத்துல போயிடும்."

"போகும்போது எதையாவது விட்டுட்டுப் போகுமா?"

"ஒரு துரும்பு தங்காது மேடம். கழுவித் துடைச்சு வச்ச மாதிரி ஆயிடும்."

"எல்லாம் எங்க போய்ச் சேரும்?"

"கீழ, எங்க தெருவுக்குத்தான். போன தடவை இங்க கிடந்த டிரம் ஒண்ணு எங்க வீட்டுச் சமையலறையில வந்து நின்னுச்சு. என் பேத்தி அதுல தாளம் போட்டா."

சிரித்துப் பார்த்தார். மேடம் சிரிக்கவில்லை. எங்கோ தூரத்தில் கூட்டல் கழித்தல் போடுகிற முகம். அந்த முகத்தை ரிப்பன் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறார். அடுத்து வருவது "யோசிச்சுச் சொல்றோம்" என்பதுதான்.

"ஒப்பந்தத்தைத் திங்கட்கிழமை போட்டுக்கலாமா?" என்றார் மேடம்.

ரிப்பன் சுவரைக் கைகாட்டினார். "மேடம், வெள்ளம்...?"

"மறைக்காம சொன்னீங்களே, அதுவே போதும்."

மேடம் தன் போனை எடுத்துக்கொண்டு கார்ப் பக்கம் நகர்ந்தார். ரிப்பன் உடனே மகனை அழைத்தார்.

"டேய், பெட்டியைப் பரண்ல ஏத்து. எவனுக்கும் பதில் சொல்ல வேண்டாம். பாப்பா இங்கேயே, நம்ம வீட்லயேதான் வளரப் போறா."

மறுமுனையில் மகன் கத்தியதும், மருமகள் சிரித்ததும், பேத்தி எதற்கென்று தெரியாமல் கைதட்டியதும் கேட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லலாம் என்று காரை நோக்கி நடந்தார்.

மேடம் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, மேலதிகாரியிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"இடம் கிடைச்சிருச்சு சார். கழிவை அள்ள லாரியே வேண்டாம்."