நொண்டி அடி

இந்தக் காலத்தில் திருடியவர்களே வீட்டு வாசலுக்குக் கார் அனுப்பி, பறிகொடுத்தவனை ராஜ மரியாதையோடு அழைத்துப் போகிறார்கள். அவனும் வெட்கமில்லாமல் ஏறி உட்கார்ந்துகொள்கிறான்.

இப்படி நினைத்தபடிதான் பெரியவர் அந்த ஒத்திகை அறையில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

எதிரே அவரை அழைத்த பாப் குழுவின் நான்கு பெண்கள், ஆளுக்கொரு நிறத்தில் தலைமுடி. அவர்கள் பாட்டு ஓடாத கடை கிடையாது.

அவருடைய மகள் கண்ணாடிச் சுவரோரம் செல்போனை உயர்த்திப் பிடித்து நின்றாள். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அப்பா வாசித்து அவள் பார்த்ததே இல்லை. அவள் பிறப்பதற்குள் அவருடைய ராக் குழு கலைந்து, அவர் லாரிப் பட்டறையில் பெயின்ட் அடிக்கப் போய்விட்டார். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் தொடங்கி இன்று அலுவலகம் வரை அவள் பெருமையாகச் சொல்லித் திரிவது ஒன்றே ஒன்றுதான். நொண்டி அடி எங்கப்பா அடிச்சது.

அவர்கள் குழு போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. அதில் ஒரு பாட்டில், பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், அரை அடி விழாது. பாட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தாண்டும். கேட்கிறவனுக்கு வயிற்றில் ஜிலீர் என்று ஒன்று ஓடும்.

அதைக் கேட்டு ஒரு குழு அடித்தது. அந்தக் குழுவைக் கேட்டு இன்னொன்று. அப்புறம் பாப் குழுக்கள் பிடித்துக்கொண்டன. அம்மை மாதிரி பரவிவிட்டது. இப்போது சோப்பு விளம்பரம்கூட நொண்டுகிறது.

"எங்க புதுப் பாட்டுல வர்ற நொண்டி அடியை நீங்களே அடிக்கணும், சம்மட்டி ஐயா" என்றாள் அவர்களில் டிரம்ஸ் வாசிக்கிறவள். அந்தக் காலத்து மேடைகளில் அவருக்கு அதுதான் பெயர். "நாங்க அடிக்கிறதெல்லாம் சும்மா காப்பிதானே."

காப்பி என்று தெரிகிறதே, அதுவரைக்கும் சந்தோஷம்.

குச்சியை எடுத்தார். கை மறந்திருக்கவில்லை. முதல் வரி, அடுத்த வரி, ஒவ்வொரு அடியும் நெஞ்சில் வந்து அறைந்தது. ஒருத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மகளின் முகத்தில் விளக்கு எரிந்தது.

பல்லவி வந்தது.

பாடிக்கொண்டிருந்த பெண்கள் நால்வரும் தாண்டிவிட்டார்கள். அவர் அடி மட்டும் நேராக விழுந்து, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் போலப் பின்னால் நின்றது.

"இன்னொரு தடவை போலாமா, தாத்தா?"

ஐயா அதற்குள் தாத்தாவாகிவிட்டார்.

"என்ன பெடல் இது? பொம்மைக் கடையில வாங்குனீங்களா?" என்று எரிந்து விழுந்தார். பெடலை மாற்றினார்கள். இருக்கையை இறக்கச் சொன்னார்; இறக்கினார்கள். மறுபடியும் நேராகவே விழுந்தது. பிறகு வேண்டுமென்றே ஓர் அடியை விழுங்கிப் பார்த்தார். பாட்டு தாண்டவில்லை, தடுக்கிக் குப்புற விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது எழுந்து போயிருக்கலாம்.

டிரம்ஸ்காரப் பெண் அவர் பக்கத்தில் முழங்காலிட்டாள். தன் தொடையில் மெதுவாகத் தட்டிக் காட்டினாள், குழந்தைக்குச் சோறூட்டுகிறவள் போல.

"எனக்கும் ரொம்ப நாள் வரல, தாத்தா. உங்க ரெக்கார்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் வந்துச்சு. இங்க லேசா மூச்சை இழுத்துக்கணும், அவ்ளோதான்."

காது மடல் சுட்டது. மகள் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, செல்போன் எப்போதோ கீழே இறங்கிவிட்டது.

"வயசாயிடுச்சும்மா. கை வரல."

அத்தனை பேரும் அதை உடனே நம்பினார்கள், நம்பக் காத்திருந்தவர்கள் போல. ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னொருத்தி கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

டிரம்ஸ்காரப் பெண் உட்கார்ந்தாள். அடித்தாள். பல்லவி வந்தது, பாட்டு காலைத் தூக்கிக்கொண்டு, ஒரு சிராய்ப்பும் இல்லாமல், அந்தப் பக்கம் போய் இறங்கியது.

மகள் அருகில் வந்து அவர் தோளைத் தொட்டாள். "பரவால்லப்பா. அப்பல்லாம் இதை எப்படிப்பா அடிச்சீங்க?"

"கை தானாப் போகும்" என்றார் பெரியவர்.

கை போனதே இல்லை. அந்த அடியை அவர் ஒருநாளும் அடித்ததில்லை.

ஒலிப்பதிவன்று அந்த இடத்தில் அவருடைய குச்சி இடறி, ஓர் அடி தாறுமாறாக விழுந்தது. பாட்டை முதலிலிருந்து வாசிக்க நேரமில்லை. அடுத்த குழு வாசலில் வந்து நின்றுவிட்டது. ஒலிப்பதிவுக்காரர் சவர பிளேடை எடுத்து, டேப்பில் அந்த இடத்தை மட்டும் நறுக்கிக் கீழே போட்டார். இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டினார். அவசரத்தில் அரை அடி கூடுதலாக நறுக்கிவிட்டார்.

மேடையில் பெரியவர் எப்போதும் நேராகத்தான் அடித்தார். அந்தக் கூச்சலில் யார் கவனித்தார்கள்.

பிளேடு செய்ததை இந்தப் பிள்ளைகள் கையால் செய்யப் பழகியிருக்கிறார்கள்.

நடைபாதைக்கு வந்துவிட்டார். கதவுக்கு உள்ளே அவர்கள் மறுபடியும் தொடங்கினார்கள், மறுபடியும் அந்த இடம் வந்தது, அவருக்கே வயிற்றில் ஜிலீர் என்றது. அதற்காக? தப்பு தப்புதான். நூறு பேர் சேர்ந்து அழகாக அடித்துவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

மகள் பின்னால் வருகிறாளா, உள்ளேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாளா என்று திரும்பிப் பார்க்க மட்டும் அவருக்குத் துணிச்சல் வரவில்லை.