கையால் அடைத்த தோட்டா

மொன்டானா துப்பாக்கி சுடும் திடலில் அன்றும் வெர்லினின் மானம் போனது. அவன் சுட்ட குண்டுகள் இலக்கு அட்டையில் மூலைக்கொன்றாகப் பாய்ந்திருந்தன.

"வீட்ல தோட்டா அடைக்கும்போது வெடிமருந்து கூடிப்போச்சு, டார்லா."

"போன வாரம் கொறஞ்சுபோச்சுன்னு சொன்னியே!" என்று சிரித்தாள் மனைவி.

"அப்ப... குண்டு சரியா உக்காரலை."

அடுத்து டார்லா சுட்டாள். எல்லாக் குண்டுகளும் நடுப்புள்ளியில் ஒரே ஓட்டையாகப் போயின. மாவட்டக் கோப்பையும் அவளுடையதுதான்.

வெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கையால பாத்துப் பாத்து அடைக்கிறவனுக்கு இந்தக் கதி. கடைத் தோட்டா வாங்குறவளுக்குக் கோப்பை! நாளைக்கே அந்த அடைக்கிற மெஷினை வித்துத் தொலைக்கிறேன்."

டார்லா பதறிப்போனாள்.

"ஐயோ, வித்துடாதேப்பா! போன கோடையிலேர்ந்து உன் டப்பாவுல கடைத் தோட்டாவை மாத்தி வெச்சுட்டு, நீ அடைச்சதைத்தான் நான் சுடறேன்!"